இலையில் படிந்த வெள்ளை: ஒரு மீன் தொட்டியின் நான்கு மாதப் பதிவு

அடையாளத்துக்கு நூல் கட்டி 28 நாள் ஆன வாலிஸ்னேரியா இலையை இன்று காலை அளந்தேன். வாலிஸ்னேரியா என்பது நீண்ட நாடா போன்ற இலைகளுள்ள நீர்ச்செடி. 31 செ.மீ. இருந்தது. அடியிலிருந்து நுனி வரை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் தடுக்கவில்லை, ஈர ரிப்பன் போல வழுக்கிக்கொண்டு வந்தது. மார்ச் மாதத்தில் இதே செடியின் இலைகள் உப்புத்தாள் போல இருந்தன. அந்த மாற்றம் எப்படி வந்தது, நடுவில் எங்கெல்லாம் தவறினேன் என்பதை மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மேலே 18 வாட் எல்.இ.டி. விளக்கு. தண்ணீர் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. சென்னையின் தென்புறநகரில் இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. எட்டு குப்பி மீன்கள், நான்கு கோரி மீன்கள். பின்புறம் வரிசையாக வாலிஸ்னேரியா, நடுவில் ஹைக்ரோஃபிலா, முன்னால் இரண்டு கொத்து கிரிப்டோகோரைன். ஹைக்ரோஃபிலா நம் குளக்கரை நீர்முள்ளியின் பேரினத்தைச் சேர்ந்தது. எப்படி வைத்தாலும் வளரும் என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பொங்கல் கழித்து நட்டேன். பிப்ரவரி கடைசியில் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகளில் விளக்குக்கு அருகே இருந்த பகுதி மங்கலாகத் தெரிந்தது. முதலில் தூசு என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அது சாம்பல் கலந்த வெள்ளையாகத் தடித்தது. அதே நாட்களில் ஹைக்ரோஃபிலாவின் கொழுந்துகளும் வெளுத்து வந்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, நடுவில் உள்ள பகுதி ஏறக்குறைய வெண்மையாக இருந்தது.

இங்கேதான் நான்கு மாதத்துக்கும் காரணமான தவறு நடந்தது. இரண்டு செடி, இரண்டு இடம், இரண்டு விதமான வெள்ளை. நான் இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டேன். கொழுந்து வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்பது தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் வாலிஸ்னேரியாவுக்கும் இரும்புதான் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

உரக்கடையில் அன்னபேதி உப்பு கால் கிலோ 40 ரூபாய். அதுதான் இரும்பு சல்பேட். அரை கிராம் எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் முழுவதும் வெளிர் மஞ்சளாகி, பிறகு துருப்பிடித்த வாளித் தண்ணீர் போலக் கலங்கியது. குப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துப் புதிதாக நிரப்பினேன். மீன்கள் பிழைத்தன. ஆனால் மணலின் மேல் படிந்த துரு நிறம் மூன்று வாரம் போகவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். அன்னபேதியில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. அரை கிராமில் 100 மில்லிகிராம். 45 லிட்டரில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் மேல். வழக்கமாகச் செடித் தொட்டிக்குக் கொடுப்பது 0.1 மில்லிகிராம். இருபது மடங்குக்கு மேல் கொட்டியிருக்கிறேன். அவ்வளவு கொட்டியும் செடிக்கு எதுவும் சேரவில்லை. எல்லாம் துருவாகி அடியில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து அதே கடையில் ஈ.டி.டி.ஏ. கலந்த இரும்பு, 100 கிராம் 120 ரூபாய். ஈ.டி.டி.ஏ. என்பது இரும்பைத் துருவாக விடாமல் பிடித்து வைக்கும் பொருள். இந்த முறை எடைபோட்டு, அளவாகக் கொடுத்தேன். தண்ணீர் கலங்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்தேன். கொழுந்தில் மாற்றம் இல்லை. வாலிஸ்னேரியாவின் வெள்ளை கூடிக்கொண்டே போனது.

ஏப்ரலில் திரவக் கார்பன் என்று விற்கும் மருந்து ஒரு புட்டி 450 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி. இலை மேல் இருப்பது ஒருவேளை பாசியோ பூஞ்சையோ என்ற சந்தேகம் அப்போது வந்திருந்தது. நாள்தோறும் 2 மில்லி. ஐந்தாம் நாள் வாலிஸ்னேரியாவின் மூன்று செடிகள் அடியிலிருந்து கண்ணாடி போல நிறமிழந்து கரைந்தன. அந்த மருந்து வாலிஸ்னேரியாவுக்கு ஆகாது என்பது செடித் தொட்டி வைத்திருக்கும் பலருக்குத் தெரிந்த செய்தி. வாங்குவதற்கு முன் யாரையாவது கேட்டிருந்தால் அந்த மூன்று செடிகளும் இன்று இருந்திருக்கும். மீதி மருந்தைத் தொடவில்லை.

கரைந்த இலைகளைப் பொறுக்கி எடுத்துச் சமையலறைத் தொட்டியில் போட்டேன். கரையாமல் இருந்த வெள்ளை இலை ஒன்றைக் குழாயடியில் பிடித்துக் கழுவினேன். அதுவரை அந்த இலைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, விரலால் தொட்டதில்லை. தொட்டதும் சொரசொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளை, செதிலாகப் பெயர்ந்து வந்தது; அதன் அடியில் இலை பச்சையாக இருந்தது. செத்த இலை இல்லை. இலையின் நிறமே மாறியிருந்தால் சுரண்டினால் பெயராது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணெதிரே குழாயின் வாயைச் சுற்றி அதே வெள்ளை, அதே சொரசொரப்பு.

எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் கம்பியில் மாதா மாதம் உப்பு ஏறிவிடும். அம்மா அதை எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார். அடுப்படியில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி ஒன்று கிடந்தது. இலையை ஒரு வெள்ளைத் தட்டில் விரித்து வைத்து ஒரு சொட்டு விட்டேன். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு செதிலின் விளிம்பிலிருந்தும் குமிழிகள் வரிசையாக எழுந்து உடைவது தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாகப் பச்சையாகிவிட்டது. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அம்மா, “இது நம் வீட்டுத் தண்ணீர் உப்புதானேடா, செடிக்கு என்ன நோய்?” என்றார்.

சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட். அதே சொட்டை ஹைக்ரோஃபிலாவின் வெளுத்த கொழுந்தில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த இலை வழுவழுப்பாகவே இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அந்தத் தட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ஏன் இலை மேல் வந்து படிய வேண்டும்? செடிக்கு முதல் விருப்பம் தண்ணீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு. விளக்கு பலமாக எரிந்து, அது தீர்ந்துபோனால் பல செடிகளுக்கு வேறு வழியில்லை, வளர்ச்சி நின்றுவிடும். வாலிஸ்னேரியா போன்ற சில செடிகள் கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற உப்பை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது இலைப் பரப்பில் காரத்தன்மை ஏறுகிறது; அங்கே இருக்கும் கால்சியம் சுண்ணாம்பாகத் திரண்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. விளக்குக்கு அருகே அதிகம் படிந்ததற்கும், கிரிப்டோகோரைன் இலைகள் சுத்தமாக இருந்ததற்கும் இதில் காரணம் கிடைத்தது.

கருதியது சரியா என்று அளந்து பார்க்க விரும்பினேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் பி.எச்.; 7-க்கு மேலே போனால் காரம். என்னிடம் இருந்த பி.எச். சொட்டு மருந்து 7.6 வரைதான் காட்டும். எப்போது பார்த்தாலும் கடைசி நிறமான நீலத்தையே காட்டியதால், 7.6 என்றே மூன்று மாதமாக நோட்டில் எழுதி வந்தேன். அளவுகோலின் முனையைத் தொட்ட அளவை அளவாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனா வடிவ மீட்டர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கி, கூடவே வந்த 6.86, 9.18 பொடிகளைக் கரைத்துச் சரிபார்த்துவிட்டு அளந்தேன். காலை 7 மணிக்கு 7.9. இரவு விளக்கு அணையும் முன் 9.1. நாள்தோறும் இதே ஏற்றம், இறக்கம்.

கே.எச். என்பது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு; ஜி.எச். என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. இவற்றை அளக்கும் சொட்டு மருந்துகள் இரண்டும் சேர்த்து 1,100 ரூபாய். இதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் கே.எச். 14, ஜி.எச். 22. தண்ணீர் முழுவதையும் மாற்றிய ஏழாம் நாள் தொட்டியில் அளந்தால் கே.எச். 9, ஜி.எச். 17. இரண்டும் சரியாக 5 குறைந்திருந்தன. கால்சியமும் கார்பனேட்டும் ஜோடியாகத் தண்ணீரை விட்டு வெளியேறியிருக்கின்றன என்று பொருள். குறைந்த ஒவ்வொரு எண்ணுக்கும் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைத்தால், 45 லிட்டருக்கு 4 கிராம் சுண்ணாம்பு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தூள். ஒரே வாரத்தில் அவ்வளவும் இலைகளிலும் கண்ணாடியிலும் வடிகட்டியிலும் ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காரணம் தெரிந்ததும் முதலில் இலையைச் சுத்தம் செய்ய நினைத்தேன். அதுவும் தவறுதான். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஒரு செடியை முப்பது விநாடி அமிழ்த்தி எடுத்தேன். படிவு போனது; இரண்டாம் நாள் இலையும் பழுத்துப் போனது. மற்ற செடிகளில் அதை முயலவில்லை. வாரத்துக்கு மூன்று பழைய இலைகள் வீதம் அடியோடு கத்தரித்தேன். தொட்டித் தண்ணீரிலேயே வினிகரை ஊற்றிப் பி.எச்.சைக் குறைக்கலாமா என்றும் ஒரு நண்பர் கேட்டார். ஏறி இறங்கும் தண்ணீரில் மீன்களை வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மே மாதம் செய்தது மூன்று வேலைகள். விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்தேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரின் கே.எச். 1, அதையும் கிணற்றுத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் 7 அல்லது 8. மூன்று நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் மட்டும் இந்தக் கலவையால் மாற்றினேன். குப்பிகள் கடின நீரில் வாழப் பழகியவை; ஒரே நாளில் மாற்றி அவற்றைத் துன்புறுத்த விரும்பவில்லை. தொட்டியின் கே.எச். 7-க்கு வர நான்கு வாரம் ஆனது.

மூன்றாவது, கார்பன் டை ஆக்சைடு. சிலிண்டர் வாங்கப் பணமில்லை. சர்க்கரையை ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்து வாயு எடுக்கும் முறையைக் கையாண்டேன். 2 லிட்டர் சோடா பாட்டில், 200 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றரை லிட்டர் தண்ணீர். பாட்டில் மூடியில் குழாய் பொருத்துவதில்தான் இரண்டு நாள் போனது. துளையிட்டுக் குழாயைச் செருகி எபாக்சிப் பசை பூசினேன். காய்ந்த பசை மறுநாள் முழுத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. அந்த மூடியின் பிளாஸ்டிக்கில் பசை பிடிப்பதே இல்லை. பசை இல்லாமல் செய்யும் வழி இது: குழாயின் வெளி விட்டம் 6 மி.மீ. என்றால் துளை 5 மி.மீ. இருக்க வேண்டும். குழாயின் நுனியைச் சாய்வாகப் பேனா முனை போல வெட்டி, துளையில் நுழைத்து, மறுபுறம் குறட்டால் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குழாய் நசுங்கி உள்ளே போய், விரிந்து தானாக இறுகிக்கொள்ளும். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி கூடக் கசியவில்லை.

முதல் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். வெயிலில் மூன்று மணி நேரத்தில் பொங்கி, நுரை குழாய் வழியாகத் தொட்டிக்குள் போனது. குமிழிக் கல்லைச் சுற்றி வெள்ளைச் சளி போல ஏதோ வளர்ந்தது. அதன் பிறகு பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்றை வைத்தேன். நுரை அதோடு நின்றுவிடும். குமிழிகளை எண்ணவும் வசதி. விநாடிக்கு ஒன்று வந்தது. திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்க 30 ரூபாய் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணாடி பாட்டிலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அழுத்தத்தில் வெடித்தால் கண்ணாடிச் சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. இந்த முறையில் வாயுவை இரவில் நிறுத்த இயலாது. அதனால் விளக்கு அணைந்ததும் காற்று மோட்டார் ஓடும்படி டைமரில் இணைத்தேன். சென்னை வெயிலுக்கு ஒரு பாட்டில் ஒன்பது நாள்தான் வந்தது.

மே கடைசியில் மதிய பி.எச். 6.9. அன்று முளைத்திருந்த வாலிஸ்னேரியா இலைகளின் அடியில் சிவப்புத் தையல் நூலைத் தளர்வாகக் கட்டி, தேதியை நோட்டில் எழுதினேன். எது புது இலை, எது பழசு என்று நினைவை நம்பி இருந்தால் நாம் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்போம். நூல் கட்டிய இலைகள் சுத்தமாக வளரத் தொடங்கின.

ஜூன் முதல் வாரத்தில் கே.எச். 7-லிருந்து 8 ஆனது. நான்கு நாளில் 9. பிறகு 10. ஊற்றுவது பாதி ஆர்.ஓ. தண்ணீர், அப்படியிருக்க ஏறுவது எப்படி? ஆர்.ஓ. இயந்திரத்தைச் சந்தேகித்து அதன் தண்ணீரை அளந்தேன், 1-தான். சொட்டு மருந்தைச் சந்தேகித்து இரண்டு முறை அளந்தேன். மூன்றாம் நாள்தான் தொட்டிக்குள் நான் அலங்காரத்துக்குப் போட்டிருந்த வெள்ளைக் கூழாங்கற்கள் கண்ணில் பட்டன. ஒன்றை எடுத்துத் துடைத்து, மூன்று சொட்டு வினிகர் விட்டேன். நுரைத்தது. பளிங்குத் துண்டுகள். அவையும் சுண்ணாம்பே. தண்ணீர் காரமாக இருந்த வரை சும்மா கிடந்தவை, கார்பன் டை ஆக்சைடு ஏறியதும் கரையத் தொடங்கியிருக்கின்றன. ஒரு கையால் மணலைத் தடவித் தடவி, மறுகையில் வடிகட்டியோடு ஒன்றரை கிலோ கல்லைப் பொறுக்கி வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அதன் பிறகு கே.எச். 7-ஐ விட்டு நகரவில்லை.

ஹைக்ரோஃபிலாவுக்கு வருகிறேன். அதற்கு வந்தது உண்மையான இரும்புக் குறைவு. நான் கொடுத்த ஈ.டி.டி.ஏ. இரும்பு வேலை செய்யாததற்கும் இப்போது காரணம் தெரிந்தது. பி.எச். 7-ஐத் தாண்டினாலே ஈ.டி.டி.ஏ.வின் பிடி தளர்ந்துவிடும். மாலையில் 9-ஐத் தாண்டும் தண்ணீரில் அது இரும்பைப் பிடித்து வைக்க வழியில்லை. அதே வேலையைச் செய்யும் டி.டி.பி.ஏ. என்ற பொருள் இன்னும் சற்று மேலே, 7.5 வரை தாங்கும். 11 சதவீத டி.டி.பி.ஏ. இரும்பு 50 கிராம் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. 4 கிராமை 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாமல் பழுப்பு நிற மருந்துப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். சிரிஞ்சில் 5 மில்லி எடுத்தால் தொட்டிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். வாரத்துக்கு இரண்டு முறை. பன்னிரண்டாம் நாள் வந்த கொழுந்து பச்சையாக இருந்தது. ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுதாகப் பச்சைக்குத் திரும்பவில்லை.

பயன்படாமல் போனவை அன்னபேதி, ஈ.டி.டி.ஏ., திரவக் கார்பன், எபாக்சி எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மீட்டர், சொட்டு மருந்து, வால்வு, குழாய், டைமர், டி.டி.பி.ஏ. சேர்த்து 2,700. நோயைக் காட்டிக் கொடுத்தது எலுமிச்சை மூடி.

அடுத்த தொட்டியில் எந்தக் கல்லையும் வினிகர் விடாமல் உள்ளே போட மாட்டேன். கே.எச். அளந்த பிறகுதான் செடி வாங்குவேன். இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. விளக்கு, தண்ணீர், வாயு மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றிவிட்டேன். படிவை நிறுத்தியது இந்த மூன்றில் எது என்று என்னால் சொல்ல முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஜன்னல் ஓரத்தில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களை வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அளவு வாலிஸ்னேரியா, ஒரே வெயில், வாயு இல்லை. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் பாதிக்குப் பாதி. கிணற்றுத் தண்ணீர்ப் பாட்டிலில் பதினாறாம் நாள் வெள்ளை கண்ணுக்குத் தெரிந்தது. பாதிக்குப் பாதி பாட்டிலில் இன்று இருபத்து நான்காம் நாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தை இழுத்தால் நுனியில் மட்டும் லேசாகத் தடுக்கிறது. மூன்றாவது பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் இரண்டு மழை மொட்டை மாடியைக் கழுவிப் போன பிறகு, மூன்றாவது மழையில் பிடிக்கும் தண்ணீர் அதற்கு.